விறகுச் சூளைக் குவளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் பட்டறை இருக்கிறது. தேநீருக்கும் கோப்பிக்கும் உரிய குவளைகளைச் சக்கரத்தில் வனைந்து, விறகுச் சூளையில் சுட்டு விற்கிறோம். நேரில் வருகிறவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் முதலாவது பதிலையும் பூச்சு பற்றிய பதிலையுமாவது படித்துவிடுங்கள். மற்றவற்றை நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்.

வீதியோரத்தில் தயிர்ச்சட்டி மலிவாகக் கிடைக்கிறது. இதுவும் மண்தானே, குவளைக்கு மட்டும் ஏன் இந்த விலை?

தயிர்ச்சட்டி கசிய வேண்டும், குவளை கசியக் கூடாது. விலை வித்தியாசம் முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

எருமைப் பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, உறை ஊற்றிச் சட்டியில் வைத்தால், சட்டியின் சுவர் பாலிலுள்ள நீரில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டியும் குளிரும். மட்டக்களப்புத் தயிர் கரண்டியில் வெட்டி எடுக்கும் அளவுக்குக் கட்டியாக இருப்பதில் பாலுக்குள்ள பங்கு பெரிது, சட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. ஊர்ச் சூளையில் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சுட்ட மண்ணில் நுண்துளைகள் மூடாமல் இருக்கும். அப்படிப்பட்ட ஓடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் தண்ணீரைக் குடித்துவிடும்.

தயிருக்கு நல்லதாக இருக்கும் அந்தத் துளைகள் பால் தேநீருக்குக் கேடு. பாலும் சீனியும் சுவருக்குள் புகுந்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது. சில நாட்களில் புளித்த வாடை தொடங்கும். அந்தத் துளைகள் மூட வேண்டுமானால் களியில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்ப வேண்டும். அதற்கு 1,250 பாகைக்கு மேல் சூடு வேண்டும்.

தயிர்ச்சட்டிக்கும் குவளைக்கும் இடையிலுள்ள அந்த நானூறு பாகைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். முதல் 900 பாகை வரை சூளை சிரமமில்லாமல் ஏறும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் அது கூடுதல் விறகு கேட்கும், ஏனென்றால் சூடு ஏற ஏறச் சுவர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் இழப்பும் ஏறுகிறது. வீடு கட்டும் செங்கல் அந்தச் சூட்டில் இளகிவிடும் என்பதால் சூளையைத் தீச்செங்கல்லால் கட்ட வேண்டியிருக்கிறது. தனி ஊர்க் களியும் தாங்காது, வேறு களிகளை வெளியூரிலிருந்து எடுப்பிக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் சூளையைத் திறந்தால் வளைந்தவை, வெடித்தவை, தட்டோடு ஒட்டிக்கொண்டவை என்று சில கழிந்துபோகும்.

தயிர்ச்சட்டி செய்பவர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே ஒரு கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டி எடுக்கும் அந்தக் கைவேலை எங்கள் பட்டறையில் யாருக்கும் வராது. அவர்கள் கேட்கும் விலைதான் நியாயத்துக்கும் குறைவு.

முன்பெல்லாம் சாதாரண மண் பாத்திரத்தில்தானே குடித்தார்கள்?

தண்ணீர் குடித்தார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் கசிவால்தான். தண்ணீரில் கொழுப்போ சீனியோ இல்லாததால் கேடு இல்லை. இந்தியாவின் ரயில் நிலையங்களில் மண் கோப்பையில் தேநீர் கொடுக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் குடித்தவுடன் அதை எறிந்துவிடுகிறார்களே! ஒருமுறைக்கு என்றால் 800 பாகை போதும்.

மண் எங்கிருந்து வருகிறது?

கொஞ்சம் இங்கிருந்து, மிச்சம் வெளியிலிருந்து. "முழுக்க முழுக்க மட்டக்களப்பு மண்" என்று எழுதி ஒட்டினால் நன்றாக விற்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது பொய் என்பதால் எழுதவில்லை.

வாவிக்கரை மண் எங்களுக்கு ஆகாது. வாவி உவர்நீர், அந்த மண்ணில் உப்பு இருக்கும், காயும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். உள்ளே தள்ளி, குளத்துப் படுகைகளிலும் வயலோரங்களிலும் கிடைக்கும் களி நல்லது. சிறுபோக அறுவடை முடிந்து, மாரி தொடங்குவதற்குள், குளம் வற்றிக் கிடக்கும்போது எடுப்போம். மேல்மண்ணையும் வேரையும் நீக்கி, தொட்டியில் ஊறப்போட்டு, கரைத்து, சலித்து, தெளியவிட்டு, பதம் வந்ததும் மிதித்துப் பிசைய வேண்டும்.

இந்தக் களியில் இரும்பு அதிகம். சட்டிக்கு அழகான செம்மை தருவது அதுதான். ஆனால் அதே இரும்பு 1,100 பாகையைத் தாண்டினால் களியை இளக வைக்கும். குவளை கொப்புளித்து, குனிந்து, கடைசியில் தட்டில் படிந்துவிடும். ஆகவே ஊர்க் களியைக் கால் பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. காலி மாவட்டத்து மீட்டியாகொடையின் வெள்ளைக் களி சூட்டைத் தாங்கும். களுத்துறை மாவட்டத்துத் தெடியாவலைக் களி சக்கரத்தில் இழுபடும். மாத்தளைப் பக்கத்து பெல்ஸ்பார் என்ற கனிமக்கல் உருகித் துளைகளை அடைக்கும். ஊர்க் களி நிறத்தைக் கொடுக்கும். அந்தக் கால் பங்கை விட்டால் குவளை வெளிறிப்போகும். அப்படி வெளிறிய குவளைக்காக யாரும் படுவான்கரை வரை வர வேண்டியதில்லை.

எரிவாயுவும் மின்சாரமும் இருக்கும்போது ஏன் விறகு?

2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர்களும், நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல.

மின்சூளையில் சூடு மட்டும்தான் இருக்கிறது. விறகுச் சூளையில் சூட்டோடு சுவாலையும் சாம்பலும் உப்பாவியும் சேர்ந்து போகின்றன. அடுப்பறையில் எரியும் விறகின் சாம்பல் மிக நுண்ணிய துகளாக, புகைபோக்கி காற்றை இழுக்கும் இழுவையோடு குவளைகளுக்கு இடையே பறந்து, படும் இடத்தில் படிகிறது. 1,200 பாகையைத் தாண்டியதும் அந்தச் சாம்பலிலுள்ள சுண்ணமும் பொட்டாசியமும் களியிலுள்ள சிலிக்காவோடு கூடி உருகுகின்றன. யாரும் தூரிகை தொடாமலே குவளையின் தோளில் பளபளப்பு வருகிறது. ஜப்பானில் இந்த வேலைக்கென்றே மலைச்சரிவில் நீளமான குகைச் சூளைகளைக் கட்டி நாட்கணக்கில் எரிக்கிறார்கள். எங்கள் சூளை அவ்வளவு பெரிதல்ல. ஒருநாள் பொழுது சாய மூட்டினால் மறுநாள் பின்னேரம் முடிந்துவிடும்.

எப்படிச் சுடுகிறீர்கள் என்று கொஞ்சம் விளக்க முடியுமா?

முதல் சில மணி நேரம் சூளை வாயில் சிறு தீ மட்டும். பொச்சுமட்டை, காய்ந்த பாளை, தென்னம்மட்டை போதும். குவளை காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டால் அது நீராவியாகிக் குவளையை உடைத்துவிடும். களிக்குள் காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெடிக்கவைப்பது காற்றல்ல, ஈரம்தான். குமிழி இருந்தும் நன்றாகக் காய்ந்த குவளை பத்திரமாக வெளியே வரும்.

450 பாகையைக் கடந்த பிறகு களியோடு கலந்தே இருக்கும் நீரும் பிரிந்து போகத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு அதைக் கரைத்துப் பழையபடி களியாக்க முடியாது. 573 பாகையில் களியிலுள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) சட்டென்று விரிவடையும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் கடக்க வேண்டும். "எரித்து முடித்துவிட்டீர்களே, திறந்து காட்டுங்கள்" என்று கேட்பவர்களுக்கு இது பதில்: இரண்டு மூன்று நாள் ஆறினால்தான் திறப்போம்.

நள்ளிரவுக்கு மேல் மணிக்கட்டுப் பருமனில் பிளந்த விறகைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். போட்டவுடன் புகைபோக்கியில் கரும்புகை எழும். உள்ளே காற்றுப் போதாமல் சுவாலை களியிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கும் நேரம் அது. புகை தெளிந்ததும் அடுத்த கட்டு. அதிகமாகத் திணித்தால் சூடு ஏறாமல் நின்றுவிடும், இறங்கவும் செய்யும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் திணிக்கத்தான் பார்ப்பார்கள். தீயை வளர்ப்பது விறகு மட்டுமல்ல, இழுவையும் என்பது கைக்குப் பிடிபடக் காலமாகும்.

சூட்டை அளக்கக் கூம்பு வைக்கிறோம். ஜெர்மனியின் ஹெர்மன் செகர் 1886இல் ஏற்படுத்திய முறை இது. குறித்த சூட்டில் இளகும்படி கலந்து செய்த விரலளவுக் கூம்புகள் மூன்றை, சுவரிலுள்ள பார்வைத் துளைக்கு நேரே நிறுத்துவோம். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் வெண்மஞ்சள் ஒளிக்குள் மூன்று கோடுகள் தெரியும். முதலாவது தலை குனியும், பிறகு இரண்டாவது. மூன்றாவதின் நுனி தட்டைத் தொட்டதும் விறகை நிறுத்தி, எல்லாத் துளைகளையும் களியால் அடைத்துவிடுவோம். மின் வெப்பமானியும் இருக்கிறது. ஆனால் அது சூட்டை மட்டும் சொல்லும். களி எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் வெந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது கூம்பு.

காட்டை அழித்துத்தானே எரிக்கிறீர்கள்?

இல்லை. பாலை, வீரை போன்ற காட்டு மரங்களை வாங்குவதில்லை, கொண்டுவந்து கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். வேலிக்கு நட்ட சீமைக்கிளுவையை ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும்; அந்தக் கொம்புகள் எங்களுக்கு வருகின்றன. வளவுகளில் விழும் மாமரக் கிளை, காய்ப்பு நின்ற மரமுந்திரிகை, கடற்கரைப் பக்கம் காற்றில் சாய்ந்த சவுக்கு, தென்னையின் எல்லாப் பாகமும். சவுக்குச் சூடு நிற்கும் விறகு, கடைசி மணி நேரங்களுக்கு அதை ஒதுக்கி வைப்போம்.

விறகு மாறினால் நிறமும் மாறும். பொச்சுமட்டைச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம், சீக்கிரம் உருகும். கடலோரத்து விறகில் உப்பு ஏறியிருக்கும்; அதன் ஆவி பட்ட இடம் செம்மஞ்சளாகச் சிவக்கும். உமிச் சாம்பல் பெரும்பகுதி சிலிக்கா என்பதால் தானாக உருகாது, குவளைக்குப் பூசும் கண்ணாடிப் பூச்சில் கலந்தால் பால் போன்ற வெண்மை தரும். ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடக்கும் உமிக்கு இதுவும் ஒரு பயன்.

ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் இருக்கிறதே, இது பழுதா?

பழுதல்ல. சுவாலை நேராகப் பட்ட பக்கம் ஒன்று, நிழலில் நின்ற பக்கம் மற்றது. காற்று நிறையக் கிடைத்த இடத்தில் களியின் இரும்பு சிவக்கும், காற்று கிடைக்காத இடத்தில் கறுக்கும் அல்லது சாம்பல் நிறமாகும். பக்கத்தில் நின்ற குவளையின் காது நிழலாக விழுந்திருப்பதையும் சிலவற்றில் பார்க்கலாம்.

இது நேற்று வந்த விளையாட்டல்ல. பெருங்கற்காலத்து மக்கள் கறுப்பு-சிவப்பு மட்கலங்களைச் செய்தார்கள்: உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. பொம்பரிப்பிலும் அனுராதபுரத்திலும் அவை கிடைத்திருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் அக்காலத்து ஈமச் சின்னங்கள் உண்டு. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்தது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. எங்கள் சூளையிலும் ஒரு குவளையை உமிக்குள் கவிழ்த்து வைத்தால் அதேதான் நடக்கிறது.

அடியில் மூன்று சிறு தழும்புகள் இருக்கின்றன. அவை என்ன?

சிப்பியின் தழும்பு. பறந்து வரும் சாம்பல் குவளையின் அடிக்கும் தட்டுக்கும் இடையில் உருகினால் இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு குவளையையும் மூன்று கால்களில் நிறுத்துகிறோம். வாவியில் பொறுக்கிய மட்டிச் சிப்பிக்குள் உருகாத வெள்ளைக் களியைத் திணித்து, கவிழ்த்து வைத்தால் அதுவே கால்.

சூளையில் சிப்பி வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். கரையோர ஊர்களில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுட்டதும் இப்படித்தான். திறந்த பின் குவளையைத் தண்ணீரில் அமிழ்த்தினால் சிப்பி சுர்ரென்று சூடேறிப் பொடிந்து உதிரும். அது நின்ற இடத்தில் வரிவரியாக, சிப்பியின் முதுகு அப்படியே பதிந்திருக்கும். தழும்பு சொரசொரப்பாக இருந்து மேசையைக் கீறினால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அனுப்பும் முன் நாங்களும் தேய்க்கிறோம்.

பூச்சில் ஈயம் இருக்கிறதா?

இல்லை. இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் பூச்சு கழுவிச் சலித்த விறகுச் சாம்பல், பெல்ஸ்பார், படிகக்கல் தூள், வெள்ளைக் களி ஆகிய நான்கும் சேர்ந்தது. பழுப்பு நிறம் வேண்டுமென்றால் இரும்பு ஒட்சைட்டு. வேறு ஒன்றும் இல்லை.

மட்பாண்டப் பூச்சில் ஈயம் சேர்ப்பதற்குக் காரணம் சூட்டை மிச்சம் பிடிப்பது. ஈயம் சேர்ந்தால் பூச்சு ஆயிரம் பாகைக்குக் கீழேயே உருகிக் கண்ணாடி போலப் பளபளக்கும். தேசிக்காய், புளி, தக்காளி போன்ற புளிப்புள்ளவை பட்டால் அந்த ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உணவில் சேரும். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. 1,250 பாகைக்குப் போகும் சூளைக்கு ஈயமே தேவையில்லை.

வேறிடத்தில் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். லேசான செம்மண் ஓட்டில் மிகப் பளபளப்பான மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புப் பூச்சு இருந்தால் கேள்வி கேளுங்கள். சுட்ட பிறகு எனாமல் வர்ணம் அடித்த குவளைகள் அலுமாரியில் வைப்பதற்குத்தான், வாய் வைப்பதற்கு அல்ல. ஒரு துண்டு தேசிக்காயைப் பூச்சின் மேல் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடம் மங்கியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ அந்தக் குவளையில் குடிக்க வேண்டாம். மாறவில்லை என்பதால் மட்டும் ஈயம் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது, அதை ஆய்வுகூடம்தான் சொல்லும்.

உங்கள் குவளை கசிந்தால்?

ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பி, கடதாசியின் மேல் இரவு முழுக்க வைத்துப் பார்த்தே விற்கிறோம். கடதாசியில் வட்டம் விழுந்தால் அந்தக் குவளையின் அடியில் ஒரு குறுக்குக்கோடு கீறிவிடுவோம். அவை பேனை வைக்கவும் பூச்செடிக்கும் குறைந்த விலையில் போகும். குறுக்குக்கோடு போட்டதை வாங்கித் தேநீர் குடித்துவிட்டுப் புகார் சொல்ல வேண்டாம்.

ஆறு குவளையும் ஒரே மாதிரி வேண்டும். கிடைக்குமா?

உருவத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி தரலாம், நிறத்தில் முடியாது. சூளையில் அடுப்பறைக்கு அருகில் நின்றதற்கும் புகைபோக்கிப் பக்கம் நின்றதற்கும் நிறம் வேறு வேறாகத்தான் வரும். ஆறும் அச்சில் வார்த்தது போல வேண்டுமென்றால் தொழிற்சாலைப் பீங்கான் வாங்குங்கள். நன்றாகவே செய்கிறார்கள், விலையும் குறைவு.

அளவு எவ்வளவு?

வழக்கமான குவளை 250 மில்லிலீற்றர் கொள்ளும். சிறிது கூடலாம், குறையலாம். களி காய்ந்து சுட்டு முடியும்போது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், ஈரத்தில் 10 சென்ரிமீற்றர் உயரமாக வனைந்தது உங்கள் கைக்கு வரும்போது 9 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பிளேன்டீக்குச் சின்னது கேட்பவர்களுக்கு 150 மில்லிலீற்றரிலும் உண்டு.

காது பிடித்துத் தூக்கினால் கழன்றுவிடாதா?

ஒழுங்காக ஒட்டிய காது கழலாது. உடைந்தாலும் ஒட்டிய இடத்தில் உடையக் கூடாது, அதுதான் சரியான வேலைக்கு அடையாளம்.

குவளையை வனைந்த அன்று காது வைக்க முடியாது. நகத்தால் அழுத்தினால் பதிந்தும் பதியாமலும் இருக்கும் பதம் வர வேண்டும். களியை முள்ளங்கிக் கிழங்களவு உருட்டி, ஈரக்கையால் மேலிருந்து கீழாக நீவி நீவி இழுத்தால் பட்டையாக நீளும். அதை வளைத்துச் சற்று இறுகவிட்டு, குவளையிலும் காதின் இரு முனையிலும் ஈர்க்கால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிக்குழம்பு தடவி, உள்ளே ஒரு விரலைத் தாங்கு கொடுத்து அழுத்துவோம். குழம்பு சுற்றிலும் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் நடுவில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் எதிரி வருகிறது: கச்சான். வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்று நெல்லுக்கும் கருவாட்டுக்கும் நல்லது. குவளைக்கு மட்டும் ஆகாது. மெல்லிய காது முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த உடல் பின்தங்கும், ஒட்டிய இடத்தில் மயிரிழை போல வெடிப்பு விழும். ஈரச்சாக்குப் போர்த்தி, கிடுகு மறைப்புக்குள் வைத்து, இரண்டும் ஒன்றாகக் காயும்படி பார்த்துக்கொள்கிறோம். அந்த மாதங்களில் பட்டறையில் அதிகம் பேச்சு வாங்குவது சாக்கு நனைக்க மறந்தவர்கள்தான்.

காது இல்லாத குவளையும் செய்கிறோம். மல்லிக் கோப்பிக்கு இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க அதுவே சுகம் என்பது எங்களில் சிலருடைய கட்சி.

மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கலாமா?

வைக்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே வைக்க வேண்டாம்.

கொதிநீர் ஊற்றலாமா?

தாராளமாக. அதற்கும் அதே எச்சரிக்கைதான்: குளிர்ந்த குவளையில் கொதிநீர், கொதித்த குவளையில் குளிர்நீர் இரண்டும் கூடாது. அடுப்பில் நேரடியாக வைக்கக் கூடாது. மண்சட்டி அடுப்பைத் தாங்குகிறது, இவ்வளவு சூட்டில் சுட்டது தாங்காதா என்று கேட்பார்கள். தாங்காது. சட்டியின் நுண்துளைகள் அது விரிந்து சுருங்க இடம் கொடுக்கின்றன. இதில் அந்த இடத்தைத்தானே அடைத்திருக்கிறோம்.

எப்படிக் கழுவுவது? முதலில் கஞ்சி ஊற்றிப் பழக்க வேண்டுமா?

கஞ்சி ஊற்றிப் பழக்குவது சமையல் சட்டிக்கு. இதற்கு வேண்டாம். வழக்கமான சவர்க்காரமும் தும்பும் போதும். இரும்புக் கம்பியால் தேய்த்தால் பூச்சில் சாம்பல் நிறக் கோடுகள் விழும். தேநீர்க் கறை ஏறினால் அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, சற்று நேரம் விட்டுக் கழுவுங்கள். பூச்சில்லாத அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போது மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். மாரிக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

மழைக் காலத்தில் கிடைக்குமா?

கார்த்திகை, மார்கழியில் சூளை மூட்டுவதில்லை. விறகு நனைந்திருக்கும், களி காயாது, வெள்ளம் வந்தால் பாதையும் இருக்காது. இருப்பில் உள்ளதை விற்போம். நத்தாருக்கோ தைப்பொங்கலுக்கோ பரிசு கொடுக்க வேண்டுமென்றால் புரட்டாதிக்குள் சொல்லிவையுங்கள். மார்கழி நடுவில் அழைத்து "பொங்கலுக்கு ஐம்பது வேண்டும்" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

பெயர் எழுதித் தருவீர்களா?

களி ஈரமாக இருக்கும்போதுதான் கீற முடியும், ஆகவே முன்பே சொல்ல வேண்டும். நீளமான பெயர் என்றால் முதலெழுத்து போதும் என்று சமாதானப்படுத்திவிடுவோம். திருமண நாளும் மணமக்கள் பெயரும் மண்டபத்தின் பெயரும் ஒரே குவளையில் வேண்டுமென்று கேட்டால் அழைப்பிதழே அச்சடியுங்கள் என்போம்.

சூளை எரியும்போது வந்து பார்க்கலாமா?

வரலாம், முன்கூட்டி அழைத்துவிட்டு. பருத்தி உடை உடுத்துங்கள். நைலோன் சேலையும் சூளை வாயும் ஒத்துப்போகாது. சிறு பிள்ளைகளைப் பகலில் அழைத்து வாருங்கள். இரவில் தங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் பொழுது இறங்குவதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். படுவான்கரையில் யானை நடமாட்டம் உண்டு. தீயும் வெளிச்சமும் உள்ள இடத்தைப் பெரும்பாலும் அது தவிர்க்கும், வழியில் மோட்டார் சைக்கிளில் தனியாக வருபவரைத் தவிர்க்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் நாங்களே சுட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக, குவளையில் தொடங்க வேண்டாம். விளக்கோ பூச்சாடியோ செய்யுங்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டு, வளவின் மூலையில் ஒரு குழியில் உமியும் பொச்சும் வைக்கோலும் அடுக்கி, மேலே ஓட்டுத்துண்டு பரப்பி மூட்டினால், காலையில் கறுப்பும் செம்மையும் கலந்த விளக்கு கிடைக்கும். காற்றில்லாத நாளாகப் பாருங்கள், கிடுகு வேலிக்குப் பக்கத்தில் வேண்டாம். விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைக்கும்போது கையுறை போடுங்கள். அது காரம், தோலை அரிக்கும்.

வெளியூருக்கு அனுப்புவீர்களா? உடைந்துபோனால்?

அனுப்புவோம். "குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை" என்பார்கள். அந்தத் தடிகாரன் இப்போது பொதியை லொறியில் ஏற்றும் ஆள்தான். ஒவ்வொரு குவளையையும் கடதாசியில் சுற்றி, உள்ளேயும் வைக்கோல் திணித்து, பெட்டியின் எல்லாப் பக்கமும் உமி நிரப்புகிறோம். பெட்டியை ஆட்டிப் பார்த்துச் சத்தம் கேட்டால் திரும்பவும் கட்டுவோம். கொழும்புக்கு உதயதேவி ரயிலில் போகிறவர்கள் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

உடைந்து வந்தால் பெட்டி திறந்த அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த சூட்டில் வேறொன்று தருவோம். அது உடைந்ததைப் போலவே இருக்காது, மழைக் காலமென்றால் தை பிறந்த பிறகுதான் கிடைக்கும். பணமாகத் திருப்பிக் கேட்டால் அதுவும் கொடுப்போம். உடைந்த துண்டுகளைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். இடித்துச் சலித்துப் புதுக் களியில் சேர்ப்போம், சுருக்கம் குறையும்.